தொலைபேசி எழுதிய கடிதங்கள்

1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள பெல்கோர் ஆய்வகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. அனுப்பியவர் நதானியேல் போரென்ஸ்டைன். அந்த மடலோடு ஒரு புகைப்படமும் ஓர் ஒலிப்பதிவும் சென்றன. படத்தில் இருந்த பாடகர்களே பதிவிலும் பாடினார்கள். பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு குரல்கள் மட்டும் சேர்ந்து பாடும் அமெரிக்க மரபைச் சேர்ந்த குழு அது. பெயர் ‘டெலிபோன் கார்ட்ஸ்’. போரென்ஸ்டைனும் அதில் ஒரு குரல். மின்னஞ்சலில் இணைப்புகளை அனுப்ப அவரும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து வகுத்த ‘மைம்’ என்ற முறைக்கு அந்த மடல்தான் வெள்ளோட்டம். அதே ஆண்டு ஜூனில் மைம் விதிமுறையாக வெளியானது.

பெல்கோர் என்பது பெல் தொலைபேசி நிறுவனம் பிரிக்கப்பட்ட பிறகு அதன் வட்டாரக் கம்பெனிகள் கூட்டாக நடத்திய ஆய்வகம். மின்னஞ்சலில் குரலை ஏற்றி அனுப்பும் பொது வழி, தொலைபேசிக்காரர்களின் கூரைக்கு அடியிலேயே பிறந்திருக்கிறது.

இன்று எந்த அலுவலகத் தொலைபேசி அமைப்பை வாங்கினாலும் அதன் நிர்வாகப் பக்கங்களில் அநேகமாக ‘வெளிச்செல்லும் மின்னஞ்சல்’ என்று ஒரு பக்கம் இருக்கும். சர்வர் பெயர், போர்ட் எண், குறியாக்க வகை, பயனர் பெயர், கடவுச்சொல், அனுப்புநர் முகவரி என்று ஐந்தாறு கட்டங்கள். அதை நிரப்பினால்தான் யாரோ விட்டுச்சென்ற குரல் செய்தி உரியவரின் இன்பாக்ஸுக்குப் போகும். நிரப்புகிறவர் பெரும்பாலும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். முதல் தடவையில் அது வேலை செய்துவிட்டால் அவருக்கு அதிர்ஷ்டம். அந்தக் கட்டங்கள் ஒரே நாளில் ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வருடமும் ஒரு சண்டையும் இருக்கின்றன.

தொலைபேசி பேச மட்டுமே பிறந்தது. 1878 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் ஜார்ஜ் காய் திறந்த முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகத்துக்கு 21 சந்தாதாரர்கள். பெரிய நிறுவனங்கள் விரைவிலேயே தங்கள் கட்டடத்துக்குள்ளேயே சிறு இணைப்பகங்களை வைத்துக்கொண்டன. பிபிஎக்ஸ் என்று சொல்லப்படுபவை இவையே. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்த ஆபரேட்டர் பெண்ணுக்குக் கம்பிகளை மாற்றிச் சொருகுவதோடு வேலை முடியாது. அழைக்கப்பட்டவர் இருக்கையில் இல்லையென்றால் செய்தியைக் குறித்து வைப்பதும் அவர் பொறுப்பு. அமெரிக்க அலுவலகங்களில் இதற்கென்றே இளஞ்சிவப்புத் தாள் கட்டுகள் அச்சாயின. யார் அழைத்தார், எத்தனை மணிக்கு, திரும்பக் கூப்பிட வேண்டுமா என்று டிக் செய்யக் கட்டங்கள். அந்தத் தாள்கள் தொலைந்தன, பெயர்கள் தப்பாக எழுதப்பட்டன, எண்கள் இடம் மாறின. செய்தியின் சாரம் ஒன்றரை வரியில் சுருங்கிப்போனது.

இந்தக் குறையில் ஒரு தொழிலைப் பார்த்தவர் டெக்சஸ் மாநிலத்து கார்டன் மேத்யூஸ். அழைப்பவரின் குரலையே எண்மமாக்கிக் கணினி வட்டில் சேமித்து, உரியவர் வந்து கேட்கும்படி வைக்கும் ஏற்பாட்டுக்கு 1979இல் காப்புரிமை கேட்டார். 1983 பிப்ரவரியில் கிடைத்தது. அவருடைய விஎம்எக்ஸ் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் 3எம். அந்த இயந்திரம் பேசிய முதல் வரவேற்பு வாசகத்தைப் பதிவு செய்தவர் மேத்யூஸின் மனைவி. ஐபிஎம்மில் ஸ்டீபன் பாய்ஸ் என்பவரின் குழு 1970களிலேயே இதே திசையில் சோதனைகள் செய்திருந்தது என்றாலும், வாய்ஸ்மெயிலைக் கடைச்சரக்காக்கியவர் மேத்யூஸ்தான். ஆக்டெல், ஏடி அண்ட் டியின் ஆடிக்ஸ், நார்டெல்லின் மெரிடியன் மெயில் என்று 1980களில் போட்டிக் கம்பெனிகள் வரிசையாக வந்தன.

ஆனால் அவை எல்லாம் பூட்டிய பெட்டிகள். மேசைத் தொலைபேசியில் சிவப்பு விளக்கு எரியும். ரிசீவரை எடுத்து, ரகசிய எண்ணை அழுத்தி, ஏழாவது செய்தியைக் கேட்க முந்தைய ஆறையும் தாண்டி வர வேண்டும். ஒரு கம்பெனியின் பெட்டியிலிருந்து இன்னொரு கம்பெனியின் பெட்டிக்குக் குரலை அனுப்புவது பெரும்பாடு. 1996 பிப்ரவரியில் ஆக்டெல்லைச் சேர்ந்த கிரெகரி வாட்ரே இதற்கு ஒரு விதிமுறை எழுதினார். குரல் செய்தியை மைம் உறையில் இட்டு, சாதாரண மின்னஞ்சல் போகும் பாதையிலேயே அனுப்பலாம் என்றது அது. பிபிஎக்ஸ் உலகமும் மெயில் உலகமும் முறைப்படி கைகோத்த இடம் இது.

அந்த மெயில் பாதை எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் பின்னால் வந்த தொல்லைகள் புரியும்.

1982 ஆகஸ்டில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறை ‘ஆர்எஃப்சி 821’. எஸ்எம்டிபி என்ற அஞ்சல் முறையை வகுத்தது அது. இரண்டு கணினிகள் 25ஆம் எண் போர்ட்டில் சந்தித்து ஏறக்குறைய மனிதர்களைப் போலப் பேசிக்கொள்ளும். ‘ஹெலோ’ என்று தன் பெயரைச் சொல்லும் ஒன்று. மற்றது ‘250, சரி’ என்னும். ‘இன்னாரிடமிருந்து மடல்’, சரி. ‘இன்னாருக்கு’, சரி. ‘இதோ மடல்’ என்று முழுவதையும் கொட்டி, தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் மடல் முடிந்தது, மறுபடி ‘250’. இந்த உரையாடலில் எந்த இடத்திலும் ‘நீ அவர்தான் என்பதற்கு என்ன சாட்சி?’ என்ற கேள்வி இல்லை. கடவுச்சொல் இல்லை, குறியாக்கம் இல்லை. தனக்குச் சம்பந்தமில்லாத மடலானாலும் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்தி விடுவது அன்றைய நாகரிகம். வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். நிர்வகித்தவர்களில் பலரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். அந்தச் சூழலுக்கு அது போதுமானதாகவே இருந்தது. போஸ்டலைக் குறை சொல்வது அநியாயம்.

மடலைக் கடத்தும் வேலையைச் செய்த நிரல்களில் புகழ்பெற்றது, எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய சென்ட்மெயில். அன்றைய யூனிக்ஸ் இயந்திரம் எதுவானாலும் அதில் அநேகமாக சென்ட்மெயில் இருந்தது.

1999க்கு வருவோம். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர், லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு உதவி செய்ய ஒரு சிறு கம்பெனி தொடங்கியிருந்தார். வாடிக்கையாளர் அழைப்புகளைப் பிரித்துவிட ஒரு பிபிஎக்ஸ் வேண்டும். விலையோ கைக்கு எட்டாதது. தானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆஸ்டெரிஸ்க். சாதாரணக் கணினியைத் தொலைபேசி இணைப்பகமாக்கும் இந்த நிரலை அவர் மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார். தொலைபேசிக் கம்பிகளைக் கணினியோடு இணைக்கும் மலிவான அட்டைகளுக்கு ஜிம் டிக்சனின் ஜபாட்டா திட்டம் வழி செய்தது. பூட்டிய பெட்டிகளின் காலம் அங்கே ஆட்டம் காணத் தொடங்கியது.

ஆஸ்டெரிஸ்க்கின் வாய்ஸ்மெயில் பகுதிக்கு வைத்த பெயர் ‘காமெடியன் மெயில்’. நார்டெல்லின் மெரிடியன் மெயிலைச் சீண்டிய பெயர். அதன் அமைப்புக் கோப்பில் ஓர் ஊழியருக்கு ஒரு வரி போதும். எக்ஸ்டென்ஷன் எண், ரகசிய எண், பெயர், மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். யாராவது குரல் செய்தி விட்டால் அது ஒரு மடலை எழுதி அனுப்பும். அந்த இயல்புநிலை மடலின் தொனி இன்றும் ரசிக்கத்தக்கது. அன்புள்ள இன்னாருக்கு என்று தொடங்கி, இவ்வளவு நீளச் செய்தி ஒன்று இந்த எண்ணிலிருந்து வந்திருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பாருங்கள் என்று சொல்லி, நன்றி கூறி, கீழே ‘ஆஸ்டெரிஸ்க்’ என்று கையெழுத்தும் போட்டிருக்கும். இளஞ்சிவப்புத் தாளின் வேலையை ஓர் இயந்திரம் இவ்வளவு மரியாதையாகச் செய்தது.

குரல் கோப்பின் எடையையும் அன்று எண்ணிப் பார்த்தார்கள். சாதாரண வேவ் வடிவில் ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய ஒரு மெகாபைட். செல்பேசிகளின் ஜிஎஸ்எம் முறையில் சுருக்கினால் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். மடலில் ஏற்றும்போது எழுத்துகளாக மாற்ற வேண்டியிருப்பதால் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடும். டயல்-அப் காலத்தில் இந்த வித்தியாசம் நொடிகளா நிமிடங்களா என்ற வித்தியாசம். அதனால்தான் மடலோடு அனுப்பச் சுருக்கிய வடிவத்தையே முதலில் வைத்திருந்தது ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரிக் கோப்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆஸ்டெரிஸ்க் தன் வாய்ஸ்மெயில் மடலை அனுப்ப எந்த மெயில் சர்வரோடும் நேரடியாகப் பேசுவதில்லை. மடலை எழுதி, அதே கணினியில் இருக்கும் சென்ட்மெயில் கட்டளையிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். சென்ட்மெயில் வாங்கிக்கொண்டால் ஆஸ்டெரிஸ்க்கைப் பொறுத்தவரை மடல் போய்விட்டது. வழியில் அது திருப்பப்பட்டாலும் வரிசையில் தேங்கினாலும் தொலைபேசிக்குத் தெரியாது. 1982ன் உலகில் இந்த நம்பிக்கை தவறல்ல. ஆனால் ஆஸ்டெரிஸ்க் வந்து சேர்ந்தபோது அந்த உலகம் மூடிக்கொண்டிருந்தது.

மூடவைத்தது ஸ்பாம். யாருடைய மடலையும் கடத்திவிடும் திறந்த சர்வர்கள்தான் 1990களின் நடுவில் குப்பை மடல் வியாபாரிகளுக்குக் கிடைத்த இலவச வண்டிகள். 1997இல் பால் விக்ஸி குழுவினர் அத்தகைய முகவரிகளுக்குத் தடைப்பட்டியல் தயாரித்தனர். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டின் ஸ்பாம்ஹாஸ் தொடங்கியது. அதே ஆண்டு வந்த சென்ட்மெயில் 8.9, முன்பின் தெரியாதவரின் மடலைக் கடத்துவதை இயல்பாகவே நிறுத்தியது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். மின்னணு உரிமைகளுக்காகப் போராடும் ஈஎஃப்எஃப் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் கில்மோர், ‘என் சர்வர் யாருடைய மடலையும் கடத்தும், அது கருத்துரிமை’ என்ற நிலையில் நின்றார். 2001இல் அவருக்கு இணைய இணைப்பு கொடுத்த வெரியோவோடு அதனால் பெரும் தகராறு. கொள்கையில் கில்மோரின் பிடிவாதம் மதிக்கத்தக்கது. நடைமுறையில் அன்றைக்கே அவர் பக்கம் தோற்றுவிட்டது.

அமைப்புப் பக்கத்தின் கட்டங்கள் இந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாக முளைத்தன. ஊழியர் தன் மடலைச் சமர்ப்பிக்கத் தனி வாசல் வேண்டும் என்று 1998 டிசம்பரில் 587ஆம் போர்ட் வகுக்கப்பட்டது. 1999 மார்ச்சில் எஸ்எம்டிபிக்குக் கடவுச்சொல் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பேச்சின் நடுவே குறியாக்கத்துக்கு மாறும் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ வந்திருந்தது. பிறகு இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் வீடுகளிலிருந்தும் சிறு அலுவலகங்களிலிருந்தும் 25ஆம் போர்ட் வழியாக வெளியே போவதையே அடைத்தன. நேற்றுவரை தானே ஊர் ஊராய் மடல் கொண்டுபோன பிபிஎக்ஸ், இனி பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி ஒரு பெரிய சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும்.

465ஆம் போர்ட்டின் கதை இதில் தனி ரகம். தொடக்கத்திலிருந்தே குறியாக்கத்தோடு பேசுவதற்காக 1997இல் அது பதிவானது. ஸ்டார்ட்டிஎல்எஸ் வரப்போகிறது என்று அடுத்த வருடமே அந்தப் பதிவை ரத்து செய்து, எண்ணை வேறொரு வேலைக்குக் கொடுத்தார்கள். ஆனால் மென்பொருள்கள் அதைக் கைவிடவில்லை. பெரிய மெயில் நிறுவனங்களும் திறந்தே வைத்திருந்தன. இருபது வருடம் அனாதையாக ஓடிய அந்த எண்ணுக்கு 2018 ஜனவரியில் ‘ஆர்எஃப்சி 8314’ மீண்டும் அங்கீகாரம் தந்தது. அது மட்டுமல்ல, அதுவே விரும்பத்தக்கது என்றும் சொன்னது. 465க்கு ஒரு குறியாக்க வகை, 587க்கு இன்னொன்று. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, கடவுச்சொல் சரியாக இருந்தும் மடல் ஏன் போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். தவறு அவர்களுடையது அல்ல. தீர்மானிக்க இருபது வருடம் எடுத்துக்கொண்டவர்களுடையது.

கடைசிக் கட்டமான அனுப்புநர் முகவரிதான் பார்க்க அப்பாவி, தொல்லையில் மோசம். புதிதாக நிறுவிய ஆஸ்டெரிஸ்க் தன்னை ‘ஆஸ்டெரிஸ்க், லோக்கல்ஹோஸ்ட்’ என்ற ரீதியில் அறிமுகப்படுத்திக்கொள்ளும். அப்படி ஒரு ஊர் உலகில் இல்லை. 2006இல் எஸ்பிஎஃப், 2007இல் டிகேஐஎம், 2015இல் டிமார்க் என்று விதிமுறைகள் அடுத்தடுத்து வந்தன. இந்தப் பெயரில் மடல் அனுப்ப இந்த சர்வர்களுக்கே உரிமை என்று நிறுவனங்கள் பகிரங்கமாக அறிவிக்கவும், கையொப்பத்தைச் சரிபார்க்கவும் அவை வழி செய்தன. பிபிஎக்ஸின் மடல்கள் கூட்டமாகக் குப்பைப் பெட்டிக்குப் போயின. இதற்கு நியாயமும் இருந்தது. ‘உங்களுக்கு ஒரு குரல் செய்தி வந்துள்ளது’ என்று பிபிஎக்ஸைப் போலவே மடல் எழுதி, இணைப்பைத் திறந்தவரின் கடவுச்சொல்லைத் திருடுவது மோசடிக்காரர்களின் வழக்கமான உத்தியாகியிருந்தது.

இதற்கிடையில் ஒரு குறுக்குவழி பரவியது. ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் பிபிஎக்ஸில் எழுதி வைத்துவிடுவது. ஆஸ்டெரிஸ்க் பெட்டியில் சென்ட்மெயிலின் வேலையைச் செய்யும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற நிரல் இருந்தால் அதன் ‘ரிலேஹோஸ்ட்’ வரியில் கூகுள் சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் 587. கடவுச்சொல்லுக்கு ஒரு தனிக் கோப்பு. அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் வேறு சர்வரைத் தேடிக்கொண்டு போய்விடும். உலகெங்கும் எத்தனையோ மருத்துவமனைகளும் பட்டறைகளும் வக்கீல் அலுவலகங்களும் இந்த ஏற்பாட்டை நம்பி ஓடின.

2022 மே 30 அன்று கூகுள், வெறும் கடவுச்சொல்லோடு வரும் பழைய செயலிகளுக்குக் கதவை மூடியது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, பதினாறு எழுத்து கொண்ட தனிக் கடவுச்சொல்லை உருவாக்கிக் கொடுத்தால்தான் இனி அனுமதி. மைக்ரோசாஃப்ட்டும் அதே ஆண்டு அக்டோபரில் தன் மெயில் சேவையில் பழைய முறைகளை நிறுத்தத் தொடங்கியது; பிபிஎக்ஸ், ஸ்கேனர் போன்ற எளிய கருவிகள் ஏராளமாக நம்பியிருப்பதால் எஸ்எம்டிபி அனுப்புதலை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. பழைய குறியாக்கத்தை விட்டு மேலே ஏற முடியாத கருவிகளுக்கென்று தனியாக ஒரு சர்வர் முகவரியையும் வைத்திருந்தது. பெரிய கம்பெனிகள் இப்படி இறங்கி வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் இந்த மாற்றங்களைப் பற்றிய அறிவிப்புகள் எல்லாம் மனிதர்கள் படிக்கும் இன்பாக்ஸுகளுக்குப் போயின. பிபிஎக்ஸுக்காகத் திறந்த கணக்கின் இன்பாக்ஸை யார் திறந்து பார்ப்பார்கள்?

இந்தியாவில் இந்த வரலாறு கொஞ்சம் வேறு தடத்தில் சென்றது. 1984இல் தொடங்கிய தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்த 128 போர்ட் இயந்திரங்களும், பிறகு வந்த ஈபிஏபிஎக்ஸ் பெட்டிகளும் நம் அலுவலகங்களை நிறைத்தன. வாய்ஸ்மெயில் பழக்கம் மட்டும் ஒட்டவில்லை. மிஸ்டு கால் பார்த்துத் திரும்பக் கூப்பிடுவதே நம் வழக்கம். இணையத் தொலைபேசியையும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியையும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது என்று இந்திய விதிகள் நெடுங்காலம் தடுத்ததால், சிஸ்கோ தன் அமைப்பில் இரண்டையும் பிரித்து வைக்கும் தனி வசதியையே சேர்க்க வேண்டியிருந்தது. இங்கே பிபிஎக்ஸ் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் தவறிய அழைப்புகளின் பட்டியலும் உரையாடல் பதிவுகளும்தான். ஆனால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதே கட்டங்கள். மடல் நிற்கும்போது சத்தமில்லாமல் நிற்பதும் அப்படியே.

ஒரு நோயாளியின் பதற்றமான குரலோ, ஆர்டர் கொடுக்க அழைத்த புது வாடிக்கையாளரின் எண்ணோ, பிபிஎக்ஸின் மெயில் வரிசையில் ஐந்து நாள் கிடந்து பிறகு கைவிடப்படும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கெடு அதுதான். அழைத்தவர் சொல்லிவிட்டோம் என்று நினைப்பார். அலுவலகம் யாரும் அழைக்கவில்லை என்று நினைக்கும். உண்மை தெரிந்த ஒரே இடம், யாரும் திறக்காத ஒரு பதிவுக் கோப்பு. நாற்பது வருட மெயில் விதிகளை எழுதியவர்கள் மேசையில் உட்கார்ந்து மடல் எழுதும் மனிதனை மனத்தில் வைத்து எழுதினார்கள். மடல் திரும்பினால் அவனுக்குத் தெரியும். தொலைபேசிக்கு அப்படித் தெரிவிக்க யாரும் வழி செய்யவில்லை.

பிபிஎக்ஸ் தயாரிப்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். மடல் வெளியேறவில்லை என்றால் அதை நிர்வாகப் பக்கத்தின் ஏழாவது மெனுவுக்குள் புதைக்காதீர்கள். வரவேற்பு மேசைத் தொலைபேசியின் திரையில் காட்டுங்கள், அந்தப் பழைய சிவப்பு விளக்கையே எரியவிடுங்கள். அதுவரை, அலுவலகத்தில் இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவர் மாதம் ஒருமுறை வெளியிலிருந்து தன் எண்ணுக்கே அழைத்து ஒரு செய்தியை விட்டு, அது இன்பாக்ஸுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.